கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார் பழுதா? மாற்றும் முன் சோதித்துப் பார்க்கும் முறை

செக் என்ஜின் விளக்கு எரிகிறது. காலையில் சாவியைத் திருப்பியதுமே ரேடியேட்டர் ஃபேன் ஓட ஆரம்பிக்கிறது. மைலேஜும் இறங்கிவிட்டது. இதைச் சொன்னதும் ஒர்க்‌ஷாப்பில் வருகிற முதல் பதில் பெரும்பாலும் இதுதான்: "ஹீட் சென்சார் போயிருக்கும் சார், மாத்திடலாம்." மாற்றிய பிறகு சில கார்கள் சரியாகிவிடும். சில கார்களில் ஒரே வாரத்தில் அதே விளக்கு மறுபடி எரியும்.

அவர்கள் சொல்கிற ஹீட் சென்சார்தான் கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார்: என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் சூட்டை அளப்பது. அதன் விலை குறைவு. பல சின்னக் கார்களுக்குச் சில நூறு ரூபாயில் கிடைக்கும், கழற்றி மாட்டுவதும் எளிது. அதனால் பழி முதலில் அதன் மேல்தான் விழுகிறது. ஆனால் கப்ளரில் (சென்சாரில் வயரைச் செருகும் பிளக்) பச்சை பூத்திருந்தாலும், எலி வயரைக் கடித்திருந்தாலும், தெர்மோஸ்டாட் (என்ஜின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாத வால்வு) திறந்தபடியே நின்றுவிட்டாலும், கூலன்ட் குறைந்திருந்தாலும் வெளியே தெரிகிற அறிகுறிகள் ஏறக்குறைய ஒன்றுதான். எது என்று கண்டுபிடிக்க ஒரு காலைப்பொழுதும் மல்டிமீட்டரும், காரின் கம்ப்யூட்டர் சொல்வதைப் படிக்கும் ஸ்கேனரும் போதும். போனட்டைத் திறந்து வாஷர் தண்ணீர் மட்டுமே ஊற்றிப் பழகியவர்களையும் மனதில் வைத்தே எழுதுகிறேன். நம் ஊரில் அதிகம் ஓடுகிற பெட்ரோல் ஹேட்ச்பேக், செடான் கார்களை வைத்துச் சொல்கிறேன். டீசலிலும் சென்சார் இதே வகைதான், அறிகுறிகள் மட்டும் கொஞ்சம் மாறும்.

சென்சார் எப்படி வேலை செய்கிறது

இதைப் புரிந்துகொள்ளாமல் சோதனைக்குப் போனால் எண்களைப் பார்த்துக் குழம்பத்தான் வேண்டியிருக்கும். கொஞ்சம் பொறுமையாகப் படித்துவிடுங்கள்.

பித்தளை அல்லது பிளாஸ்டிக் உடம்புக்குள் தெர்மிஸ்டர் என்ற சின்ன மின்தடை இருக்கிறது. சூடு ஏற ஏற அதன் தடை குறையும். என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியூ, தன்னுள்ளே இருக்கிற ஒரு நிலையான மின்தடை வழியாக 5 வோல்ட்டைச் சென்சாருக்கு அனுப்புகிறது. இன்னொரு வயர் எர்த்துக்குத் திரும்புகிறது. என்ஜின் ஆறியிருக்கும்போது தெர்மிஸ்டரின் தடை அதிகம், அதனால் சிக்னல் வயரில் வோல்ட்டேஜும் அதிகம். சூடானதும் இரண்டுமே இறங்கும். இறங்கிய வோல்ட்டேஜை ஈசியூ தன் அட்டவணையில் பார்த்து இத்தனை டிகிரி என்று எடுத்துக்கொள்கிறது.

இப்போது வயர் அறுந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். மின்சாரம் போக வழியில்லை, சிக்னலில் முழு 5 வோல்ட் நிற்கும். ஈசியூவின் கணக்கில் அது கடுங்குளிர். ஸ்கேனரில் மைனஸ் 40 டிகிரி என்று வரும். திருச்சி வெயிலில் நிற்கிற வண்டி மைனஸ் 40 காட்டினால் அது வெப்பநிலையே இல்லை, எங்கோ இணைப்பு விட்டுப்போனதன் அடையாளம். ஏன் சரியாக 40? கார் கம்ப்யூட்டர் ஸ்கேனரோடு பேசும் ஓபிடி முறையில் இந்த அளவு 0 முதல் 255 வரையான ஒற்றை எண்ணாக வருகிறது, அதிலிருந்து 40 கழித்தால் டிகிரி கிடைக்கும். அதற்குக் கீழே காட்ட வழியே கிடையாது.

மாறாக, இரண்டு வயரும் ஒன்றோடொன்று ஒட்டி ஷார்ட் ஆனால் வோல்ட்டேஜ் பூஜ்யத்துக்கு வரும். அது ஈசியூவுக்குக் கொதிநிலை. 130, 140 என்று, சில வண்டிகளில் இன்னும் மேலேயும் காட்டும். "அறுந்தால் குளிர், ஒட்டினால் சூடு." பின்னால் வரும் சோதனைகளில் பாதி இந்த ஒரு வரிதான்.

இந்த எண்ணை நம்பித்தான் எவ்வளவு பெட்ரோல் தெளிப்பது, ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது என்ஜின் சுற்றும் வேகத்தை (ஐடில் ஆர்பிஎம்) எவ்வளவு வைப்பது, தீப்பொறியை எப்போது கொடுப்பது, ஃபேனை எப்போது ஓட்டுவது, எப்போது ஏசியை நிறுத்துவது என்றெல்லாம் ஈசியூ முடிவெடுக்கிறது. சென்சார் "குளிர்" என்று பொய் சொன்னால், கொதிக்கிற என்ஜினுக்கும் கூடுதல் பெட்ரோல் போகும்.

என்னென்ன அறிகுறிகள்

குளிர் பக்கம் பொய் சொல்லும் சென்சாரில் கறுப்புப் புகையும் பெட்ரோல் வாடையும் வரும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் கரி படிந்திருக்கும். சூடான என்ஜினை ஐந்து நிமிடம் நிறுத்திவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால் திணறும். சூடு பக்கம் பொய் சொல்வது இதற்கு நேர் எதிர்: காலையில் தேவையான பெட்ரோல் கிடைக்காமல் இழுத்து இழுத்து ஸ்டார்ட் ஆகும், ஃபேன் ஓய்வில்லாமல் ஓடும், "என்ஜின் கொதிக்கிறது" என்று நினைத்து ஈசியூ ஏசி கம்ப்ரஸரை வெட்டிவிடும். ஏசி மெக்கானிக்கிடம் போய் கேஸ் நிரப்பியும் சரியாகாமல் திரும்புகிறவர்களில் சிலருக்கு உண்மையான காரணம் இங்கேதான் இருக்கும்.

சென்சார் முழுவதுமாகச் செத்துவிட்டால் பெரும்பாலான ஈசியூக்கள் அதைப் புரிந்துகொண்டு, தாமாகவே ஒரு மாற்று எண்ணை வைத்து வண்டியை ஓட்டும். பாதுகாப்புக்காக ஃபேனையும் விடாமல் ஓட்டும். சாவி போட்டதும் ஃபேன் சுற்றுவது இதனால்தான். பாதி பொய் சொல்கிற சென்சார்தான் தொல்லை. அது 15, 20 டிகிரி தள்ளிக் காட்டும், விளக்கும் எரியாது, மைலேஜ் மட்டும் கரையும்.

டேஷ்போர்டு முள்ளை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஓட்டுநர் பதறக் கூடாது என்பதற்காக, இப்போதைய கார்களில் முள்ளை நடுவிலேயே நிற்கும்படிதான் அமைத்திருக்கிறார்கள். 80 டிகிரியும் 100 டிகிரியும் அதற்கு ஒன்றுதான். முள்ளே இல்லாமல் நீல விளக்கு, சிவப்பு விளக்கோடு முடித்துக்கொள்கிற வண்டிகளும் நிறைய. சில பழைய வண்டிகளில் முள்ளுக்கென்று தனிச் சென்சார் இருக்கும், பெரும்பாலும் ஒற்றை வயரோடு. ஈசியூவின் சென்சாரில் இரண்டு வயர். தவறானதைக் கழற்றிவிடாமல் வயரை எண்ணிப் பாருங்கள்.

கையில் என்ன வேண்டும்

டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று. எலக்ட்ரிக்கல் கடைகளில் கிடைக்கும் மஞ்சள் நிற மலிவு மீட்டரே இந்த வேலைக்குப் போதும். அடுத்து, ஈஎல்எம்327 வகை ஓபிடி அடாப்டரும் அதோடு பேசும் மொபைல் ஆப்பும். ஸ்கேனர் என்று நான் சொல்வது இந்த இரண்டையும் சேர்த்துத்தான். ஐபோன் வைத்திருப்பவர்கள் வைஃபை வகையோ புதிய ப்ளூடூத் எல்இ வகையோ பார்த்து வாங்குங்கள், பழைய ப்ளூடூத் அடாப்டர் அதில் சேராது. பிஎஸ்6 கார்கள் அனைத்திலும், பிஎஸ்4 கார்கள் பெரும்பாலானவற்றிலும் ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட் இருக்கும். அதில் செருகினால் சரி. எலக்ட்ரானிக் கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே ஒன்றும் இருக்கட்டும்.

கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றி தெர்மாமீட்டர் இதற்கு உதவாது. அது உடல் வெப்பத்தைச் சுற்றியுள்ள சில டிகிரிகளை மட்டுமே அளக்கும். தொழிற்சாலைகளில் பயன்படுத்துகிற இன்ஃப்ராரெட் துப்பாக்கி இருந்தால் நல்லது. ஆனால் பளபளக்கும் அலுமினியத்தில் அது தப்பாகக் காட்டும், கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி அதன் மேல் அளக்க வேண்டும்.

பாதுகாப்பு பற்றி இரண்டே விஷயம், ஆனால் இரண்டும் கட்டாயம். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது, மூடி தளர்ந்த நொடியில் முகத்துக்குப் பீறிடும். துணி போட்டுத் திறக்கிற வீரமெல்லாம் வேண்டாம். அடுத்து, என்ஜின் நின்றிருந்தாலும் மின்சார ஃபேன் திடீரென்று சுற்றலாம். துப்பட்டா, வேட்டி நுனி, தொங்கும் ஐடி கார்டு எதுவும் அந்தப் பக்கம் போகக் கூடாது.

முதல் படி: கூலன்ட் இருக்கிறதா

சிரிக்காதீர்கள், இதை விட்டுவிட்டுத்தான் பலரும் நேராகச் சென்சாருக்குப் போகிறார்கள். என்ஜின் முழுதாக ஆறிய பிறகு ரிசர்வ் டேங்கில் குறைந்தபட்சம், அதிகபட்சம் என்ற இரண்டு கோட்டுக்கும் நடுவே கூலன்ட் நிற்கிறதா பாருங்கள். தனி ரேடியேட்டர் மூடி இருக்கும் வண்டியில் அதையும் திறந்து விளிம்புவரை நிறைந்திருக்கிறதா என்று பாருங்கள். ரிசர்வ் டேங்கில் கூலன்ட் இருந்தும் ரேடியேட்டரில் இல்லாமல் போவது உண்டு.

கூலன்ட் குறைந்தால் சென்சாரின் முனை திரவத்தில் மூழ்காமல் காற்றிலும் நீராவியிலும் நிற்கும். அப்போது எண் ஏறி இறங்கித் தாறுமாறாக ஆடும். சென்சாரில் ஒரு குறையும் இருக்காது. சமீபத்தில் கூலன்ட் மாற்றி, காற்றை முழுதாக வெளியேற்றாமல் விட்ட வண்டியிலும் இதேதான் நடக்கும்.

அளவு குறைந்திருந்தால் அது எங்கே போனது என்பதுதான் முதல் கேள்வி. ஹோஸ் இணைப்புகள், வாட்டர் பம்ப், ரேடியேட்டர் மூலைகள் எல்லாவற்றையும் பாருங்கள். ஆயில் மூடிக்கடியில் பால் கலந்த காபி நிறத்தில் குழம்பு ஒட்டியிருந்தாலோ, சூடான பிறகும் வெள்ளைப் புகை விடாமல் வந்தாலோ விஷயம் ஹெட் கேஸ்கெட் (என்ஜினுக்குள் கூலன்ட்டும் ஆயிலும் கலக்காமல் தடுக்கும் சீல்) வரை போயிருக்கலாம். அந்த வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

இரண்டாம் படி: கோடு என்ன சொல்கிறது

ஸ்கேனரைச் செருகிக் கோடுகளை, அதாவது ஈசியூ பதிந்து வைத்த கோளாறு எண்களை (code), படியுங்கள். அழிக்காதீர்கள். முதலில் எழுதி வையுங்கள், அல்லது ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். கோடு விழுந்த கணத்தில் என்ஜின் என்ன நிலையில் இருந்தது என்ற விவரமும் ஃப்ரீஸ் ஃப்ரேம் என்ற பெயரில் கூடவே பதிவாகியிருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும்.

பி0117 என்றால் சிக்னல் வோல்ட்டேஜ் மிகக் குறைவு, அதாவது ஷார்ட் பக்கம். பி0118 என்றால் வோல்ட்டேஜ் மிக அதிகம், அதாவது எங்கோ அறுந்திருக்கிறது. பி0115 சர்க்யூட்டில் கோளாறு என்று பொதுவாகச் சொல்கிறது. பி0119 விட்டு விட்டு வரும் சிக்னல். இதைப் பார்த்தால் கப்ளரையும் வயரையும்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பி0116 வந்தால், எண் வருகிறது, ஆனால் நம்பும்படி இல்லை என்று ஈசியூ நினைக்கிறது.

பி0128 வந்தால் சென்சார் வாங்க ஓடாதீர்கள். கூலன்ட் போதிய சூட்டை எட்டவில்லை என்பதுதான் அதன் பொருள், பெரும்பாலும் தெர்மோஸ்டாட் திறந்தபடி நிற்பதால் வருவது. பி0125-உம் இதற்கு உறவுக்காரன்தான்.

இவை எதுவும் "சென்சாரை மாற்று" என்று சொல்லவில்லை, கவனியுங்கள். எந்தச் சர்க்யூட்டில் கோளாறு என்று மட்டும்தான் சொல்கின்றன.

மூன்றாம் படி: விடிகாலைச் சோதனை

எனக்கு இந்தச் சோதனைதான் மிகவும் பிடித்தது. ஒரு திருகைக்கூடத் தொட வேண்டாம்.

வண்டியை இரவு முழுவதும் நிழலில் நிறுத்திவிடுங்கள். குறைந்தது எட்டு மணி நேரம். காலையில் ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்பி, ஆப்பில் கூலன்ட் வெப்பநிலையையும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காற்றுக்கு வேறு சென்சார், வேறு வயர். இரவெல்லாம் ஆறிய வண்டியில் கூலன்ட்டும் காற்றும் வெளி வெப்பநிலையும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். வெளியே 26 டிகிரி, காற்றுச் சென்சார் 27, கூலன்ட் 28 என்றால் இந்த நிலையில் சென்சார் உண்மை சொல்கிறது. நாலைந்து டிகிரி வித்தியாசத்தைப் பொருட்படுத்த வேண்டாம்.

காற்று 27 காட்டும்போது கூலன்ட் 9 என்றோ 48 என்றோ காட்டினால் பொய் பிடிபட்டுவிட்டது. 80 என்று அசையாமல் நின்றால் அது ஈசியூ தானாக வைத்த மாற்று எண்ணாக இருக்க வாய்ப்பு அதிகம். எந்தக் கோடு விழுந்திருக்கிறது என்று இரண்டாம் படிக்குத் திரும்பிப் பாருங்கள்.

நான்காம் படி: சூடாவதை உட்கார்ந்து பார்ப்பது

இப்போது ஏசியை அணைத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ஏசி ஓடினால் ஃபேனும் கூடவே ஓடி, சோதனையைக் குழப்பிவிடும். ஆப்பில் கூலன்ட் எண்ணை வரைபடமாகப் பார்க்கும் வசதி இருந்தால் அதைத் திறந்து வையுங்கள்.

எண் படிப்படியாக, வழுக்கலாக ஏற வேண்டும். 41லிருந்து 44, 47 என்று. 62 வரை வந்து திடீரென 30க்கு விழுந்து மறுபடி 64 என்று தாவினால் அது உண்மையான வெப்பநிலையாக இருக்க முடியாது. பல லிட்டர் கூலன்ட் ஒரு நொடியில் 30 டிகிரி ஆறாது. கூலன்ட் நிறைந்திருப்பதை முதல் படியிலேயே பார்த்துவிட்டோம் என்பதால், கப்ளரோ வயரோ சென்சாரின் உட்புறமோ தொடர்பு விட்டு விட்டு வருகிறது என்றுதான் பொருள்.

பெரும்பாலான பெட்ரோல் கார்களில் தெர்மோஸ்டாட் 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்க ஆரம்பிக்கும். அதுவரை ரேடியேட்டரின் மேல் ஹோஸ் அவ்வளவாகச் சூடாகாது, திறந்ததும் சட்டென்று சூடேறும். தொட்டும் தொடாமலும் விரல் வைத்துப் பார்த்தால் தெரியும். அந்த நேரத்தில் ஸ்கேனரில் எண் கொஞ்சம் இறங்கி மறுபடி ஏறலாம், அது இயல்பு. அப்புறம் 95, 100 அளவில் ஃபேன் ஓடி, சில டிகிரி இறங்கியதும் நிற்கும். வண்டிக்கு வண்டி இந்த எண்கள் மாறும் என்றாலும் ஏறுவது, ஃபேன், இறங்குவது, ஃபேன் நிற்பது என்ற சுழற்சி மாறாது. மூன்றாம் படியில் தேறி, இங்கேயும் இந்தச் சுழற்சி ஒழுங்காக வந்தால் சென்சாரை விட்டுவிடுங்கள். வேறு எங்கோ தேட வேண்டும்.

ஸ்கேனரில் 115 என்று வந்தால் "சென்சார் பொய் சொல்கிறது" என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். முதலில் அதை உண்மை என்றே எடுத்துக்கொண்டு என்ஜினை அணையுங்கள். டேங்கில் கொதிக்கும் சத்தம், கூலன்ட்டின் இனிப்பு வாடை, கல் போல் இறுகிய மேல் ஹோஸ் இவற்றில் ஏதாவது இருந்தால் நிஜமாகவே ஓவர்ஹீட்தான்.

வண்டி 70ஐத் தாண்டவே மாட்டேன் என்கிறதா? மேல் ஹோஸ் ஆரம்பத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடானால் தெர்மோஸ்டாட் திறந்து நிற்கிறது. அல்லது அது உள்ளேயே இல்லை! "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு" என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடும் பழக்கம் இன்னும் பல ஒர்க்‌ஷாப்களில் இருக்கிறது. பழைய கார்புரேட்டர் வண்டிகளில் அது அவ்வளவாக வெளியே தெரியவில்லை. ஈசியூ வண்டியில் அப்படிச் செய்தால் என்ஜின் எப்போதும் குளிராகவே இருப்பதாகக் கணக்காகி, பெட்ரோல் கூடுதலாகப் போகும், ஆயில் சீக்கிரம் கெடும், பி0128 விழும். பழைய கார் வாங்கியவர்கள் இதை ஒருமுறை உறுதி செய்துகொள்வது நல்லது.

ஐந்தாம் படி: கப்ளரைக் கழற்றுவது

சென்சார் பெரும்பாலும் தெர்மோஸ்டாட் கூட்டின் மேலோ, சிலிண்டர் ஹெட்டிலிருந்து மேல் ஹோஸ் கிளம்பும் இடத்துக்குப் பக்கத்திலோ இருக்கும். சாவியை ஆஃப் செய்துவிட்டு, கப்ளரின் பூட்டை அழுத்தி உருவுங்கள். வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். சூட்டில் வெந்த பிளாஸ்டிக் பூட்டு எளிதில் உடையும்.

உள்ளே பாருங்கள். பச்சையோ வெள்ளையோ பொடி பூத்திருக்கிறதா, பின் வளைந்திருக்கிறதா, ஈரமாக இருக்கிறதா? பிரஷர் வாஷில் என்ஜினைக் கழுவிய பிறகு ஆரம்பித்த கோளாறு என்றால் முக்கால்வாசி சந்தேகம் இங்கேதான். கூலன்ட் கசிந்து கப்ளருக்குள்ளேயே ஏறியிருந்தால் அந்தச் சென்சாரின் சீல் போய்விட்டது, மேற்கொண்டு சோதிக்கத் தேவையில்லை, மாற்றிவிடலாம். வெறும் பச்சை என்றால் கான்டாக்ட் கிளீனர் அடித்துக் காயவிட்டு மாட்டிப் பாருங்கள். அதோடு வயர் போகும் வழியையும் ஒருமுறை தடவிப் பாருங்கள். எலிகளுக்கு மழைக்காலத்தில் சூடான என்ஜின் அறை ரொம்பப் பிடிக்கும்.

இப்போது கப்ளர் கழன்ற நிலையில் சாவியை ஆன் செய்து ஸ்கேனரைப் பாருங்கள். மைனஸ் 40 வர வேண்டும். முன்பு 140 காட்டிய வண்டி கழற்றியதும் மைனஸ் 40 ஆனால், ஷார்ட் சென்சாருக்குள்தான் இருக்கிறது. கழற்றியும் 140லேயே நின்றால் சென்சார் குற்றவாளி இல்லை, சிக்னல் வயர் எங்கோ வண்டியின் உலோக உடம்பில் உரசி எர்த் ஆகிறது.

மைனஸ் 40 காட்டிய வண்டிக்கு எதிர்ச் சோதனை. இரண்டு பின் உள்ள கப்ளருக்கு மட்டும் இதைச் செய்யுங்கள். மூன்று, நான்கு பின் இருந்தால் வயரிங் வரைபடம் இல்லாமல் கை வைக்க வேண்டாம். முதலில் மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, வயர் பக்கக் கப்ளரின் இரண்டு துளைகளுக்கும் இடையே அளங்கள். சாவி ஆனில் சுமார் 5 வோல்ட் வர வேண்டும். 12 வந்தால் அது வேறு எதற்கோ உள்ள கப்ளர், விட்டுவிடுங்கள். 5 வந்தால் மெல்லிய வயரால் இரண்டு துளைகளையும் ஒரு கணம் இணையுங்கள். துளையை அகலப்படுத்தும் தடித்த கம்பி வேண்டாம். ஸ்கேனர் எண் 130க்கு மேல் பாய்ந்தால் வயரும் ஈசியூவும் நன்றாக இருக்கின்றன, கோளாறு சென்சாரிலோ அது கப்ளரைத் தொடும் இடத்திலோதான்.

5 வோல்ட்டே வரவில்லையா? சிக்னல் துளைக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையே அளங்கள். அங்கே 5 வந்தால் எர்த் வயர் அறுந்திருக்கிறது. அங்கேயும் இல்லையென்றால் சிக்னல் வயர் அறுந்திருக்கலாம், அரிதாக ஈசியூவே போயிருக்கலாம். வயர் வேலை தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போக வேண்டிய கட்டம் இது. சென்சார் கடைக்கு இல்லை.

சில ஈசியூக்கள் கழற்றிய உடனே மாற்று எண்ணைக் காட்டிவிடும் என்பதை நினைவில் வையுங்கள். மைனஸ் 40 வரவில்லையே என்று குழம்ப வேண்டாம், பி0118 புதிதாக விழுந்திருந்தால் அதுவே பதில்.

ஆறாம் படி: ஓம் கணக்கு

சென்சாரை வண்டியில் வைத்தபடியே, கப்ளரைக் கழற்றி, அதன் இரண்டு பின்களுக்கும் இடையே தடையை அளக்கலாம். மல்டிமீட்டரில் 20 கிலோ ஓம் அளவில் ஆரம்பியுங்கள், சூடான பிறகு 2 கிலோ ஓமுக்கு மாற்றுங்கள். இரண்டு பின்னையும் இரண்டு கை விரலால் அழுத்திப் பிடிக்காதீர்கள், உங்கள் உடம்பின் தடையும் கணக்கில் சேரும்.

சுசுகி, டொயோட்டா கார்களிலும் பாஷ் சென்சார் உள்ள பலவற்றிலும் எண்கள் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும்: 20 டிகிரியில் 2.5 கிலோ ஓம் சுற்றி, 40 டிகிரியில் 1.1 அல்லது 1.2 கிலோ ஓம், 60 டிகிரியில் 600 ஓம் பக்கம், 80 டிகிரியில் 320 ஓம் பக்கம், 100 டிகிரியில் 200 ஓமுக்குச் சற்றுக் கீழே. நம் ஊர்க் காலை 28, 30 டிகிரியில் 1.7, 1.8 கிலோ ஓம் எதிர்பார்க்கலாம். இதே அட்டவணை எல்லா வண்டிக்கும் பொருந்தாது. 20 டிகிரியில் மூன்றரை கிலோ ஓம் காட்டும் வகையும் உண்டு. சர்வீஸ் மேனுவல் எண் கிடைத்தால் அதையே வேதவாக்காக எடுத்துக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டாலும், காலையில் ஆயிரக்கணக்கில் இருந்த ஓம் சூடானதும் சில நூறாக இறங்க வேண்டும் என்பது பொது விதி. இறங்காமல் நின்றாலும், மீட்டர் எல்லையற்றது என்று காட்டினாலும், பூஜ்யத்தை ஒட்டி நின்றாலும் சென்சார் போய்விட்டது.

கழற்றிய சென்சார் கையில் இருந்தால் வெந்நீர்ச் சோதனை இன்னும் துல்லியம். பாத்திரத்தில் தண்ணீரைச் சுடவைத்து, சமையல் தெர்மாமீட்டரோடு சென்சாரின் பித்தளை முனையை மட்டும் மூழ்க வைத்து, பத்து பத்து டிகிரிக்கு ஒருமுறை ஓமைக் குறித்துக்கொள்ளுங்கள். கப்ளர் பக்கம் நனையக் கூடாது, முனை பாத்திரத்தின் அடியைத் தொடக் கூடாது. தெர்மாமீட்டர் இல்லாமல் கொதிநீர் 100 டிகிரி என்று வைத்துக்கொள்வது சென்னையில் சரி. 2,240 மீட்டர் உயர ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும், அங்கே ஓம் கொஞ்சம் கூடுதலாக வரும். புதிதாக வாங்கிய சென்சாரையும் மாட்டும் முன் இதே தண்ணீரில் போட்டுப் பார்த்துவிடுங்கள். சந்தையில் போலிப் பெட்டிகள் தாராளமாக ஓடுகின்றன. பெட்டியிலிருந்து எடுத்ததுமே தப்பான எண் காட்டும் சென்சார் அபூர்வம் ஒன்றும் இல்லை.

செய்யக் கூடாத வைத்தியம்

ஃபேன் ஓடவில்லை என்று போனால், சென்சாரைப் பார்க்காமல், ஈசியூவைத் தாண்டி ஃபேனுக்கு நேராக மின்சாரம், அதாவது "டைரக்ட்", கொடுத்துவிடுகிறார்கள். சாவி போட்டதும் ஃபேன் ஓடும், வாடிக்கையாளரும் நிம்மதியாகப் போவார். ஆனால் ஈசியூ பழையபடி தப்பான எண்ணை வைத்துத்தான் பெட்ரோல் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். ஃபேன் மோட்டார் தேயும். உண்மையாகவே கொதித்தாலும் யாருக்கும் தெரியாது. நடுவழியில் மாட்டிக்கொண்டு வீடு வந்து சேரச் செய்தால் மன்னிக்கலாம், அடுத்த நாளே பிரித்துவிட வேண்டும். சென்சார் வயரில் ரெசிஸ்டர் சேர்த்து ஈசியூவை ஏமாற்றும் வித்தைக்கு அந்த மன்னிப்பும் கிடையாது.

மாற்றுவது என்று முடிவானால்

என்ஜின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள். ரேடியேட்டர் மூடியை ஒருமுறை திறந்து அழுத்தத்தை விட்டு, மறுபடி மூடிக்கொண்டால் சென்சாரைக் கழற்றும்போது கொட்டுவது குறையும். கீழே தட்டு வையுங்கள். கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் நஞ்சு, ருசியோ இனிப்பு. தெரு நாயும் குழந்தையும் நக்கிவிடாதபடி கொட்டியதைத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

புதிய சென்சாரைக் கப்ளர் அளவு, மரை, நீளம் மூன்றையும் பழையதோடு ஒப்பிட்ட பிறகே மாட்டுங்கள். பழைய வாஷரையோ ஓ-ரிங்கையோ திரும்பப் போடாதீர்கள். முதல் சில சுற்றுகள் கையால்தான். மரை ஏறுவது சுலபமாக இல்லையென்றால் வெளியே எடுத்து மறுபடி ஆரம்பியுங்கள். அலுமினிய ஹெட்டில் மரை தேய்ந்தால் செலவு பல மடங்கு. எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற டார்க் அளவு மேனுவலில் இருக்கும். பல கார்களில் 15 முதல் 20 நியூட்டன் மீட்டர்தான், சின்ன ஸ்பேனரில் மணிக்கட்டு பலம் போதும். பிளாஸ்டிக் கூட்டில் கிளிப்போடு நிற்கும் வகை என்றால் கிளிப் முழுதாக உட்கார்ந்ததா என்று பாருங்கள். உடம்பு வழியாக எர்த் எடுக்கும் ஒற்றை வயர் சென்சாருக்கு டெஃப்லான் டேப் சுற்றினால் எர்த் தொடர்பே கெட்டுவிடும்.

கொட்டிய அளவுக்கு அதே வகைக் கூலன்ட்டை ஊற்றுங்கள். நிறம் ஒன்றாக இருந்தால் வகையும் ஒன்று என்று அர்த்தமில்லை, கேனில் எழுதியிருப்பதைப் படியுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம். பிறகு காற்றை வெளியேற்ற வேண்டும்: தனி ரேடியேட்டர் மூடி உள்ள வண்டியில், ஆறிய நிலையிலேயே மூடியைத் திறந்து வைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் போட்டு, ஐடிலில் ஓடவிட்டுக் குமிழி அடங்கும்வரை நிரப்பிக்கொண்டே இருங்கள். அளவு பொங்கி ஏற ஆரம்பித்தால் என்ஜினை அணைத்துவிட்டு ஆறும்வரை கிட்டே போகாதீர்கள். காற்று வெளியேற்றும் திருகு தனியாக உள்ள வண்டிகளில் மேனுவல் சொல்லும் முறையைப் பின்பற்றுங்கள்.

கோடுகளை இப்போது அழிக்கலாம். அழித்த கையோடு நான்காம் படியை ஒருமுறை திரும்பச் செய்யுங்கள், மறுநாள் காலை மூன்றாம் படியையும். சென்சாரின் அடியில் ஈரம் இருக்கிறதா, டேங்க் அளவு இறங்கியிருக்கிறதா என்றும் அப்போதே பாருங்கள். விளக்கு எரியாவிட்டாலும் ஒரு வாரம் ஓட்டிய பிறகு ஆப்பில் "பெண்டிங்" பட்டியலைத் திறந்து பார்க்க வேண்டும். விளக்கு எரிவதற்கு முந்தைய கட்டத்தில் உள்ள கோடுகள் அங்கேதான் தெரியும். பி0119 அங்கே மறுபடி எட்டிப் பார்த்தால் புதுச் சென்சாரைத் தொடாதீர்கள். என்ஜினை ஐடிலில் விட்டு, ஸ்கேனர் எண்ணைப் பார்த்துக்கொண்டே கப்ளரிலிருந்து வயரை மெல்ல அசைத்துக்கொண்டு போங்கள். எண் துள்ளும் இடத்தில் டேப்பைப் பிரித்துப் பார்த்தால் வயர் விட்டிருப்பது கிடைத்துவிடும்.